இராணுவக் கொள்வனவில் இடர் முகாமைத்துவம்: வேலை செய்கிறதா, வெறும் தாளா?

கடலோரக்_கணக்கு (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். பகலில் கட்டட ஒப்பந்த வேலை, கிழமை முடிவில் முதுமாணிப் படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தவணைக்கு எனக்கு வந்து விழுந்த தலைப்பு, இராணுவத் தளபாடக் கொள்வனவுத் திட்டங்களில் இடர் முகாமைத்துவம் எவ்வளவு பயன் தருகிறது என்பது. கப்பலும் விமானமும் எனக்குத் தூரத்துச் சொந்தம். எங்கள் திருகோணமலை டொக்யாட் (கடற்படைத் தளம்) மதிலை பஸ்சில் இருந்து பார்த்ததோடு சரி.

ஆனால் இடர் பதிவேடு எனக்குப் புதிதில்லை. எங்கள் தளத்திலும் ஒன்று உண்டு. என்ன பிழைக்கலாம், பிழைத்தால் எவ்வளவு பாதிக்கும் என்று குறிக்கும் ஐந்துக்கு ஐந்து கட்டம், சிவப்பு, மஞ்சள், பச்சை. போன வேலையின் கோப்பைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றிச் சேமிப்பதுதான் வழக்கம். ஒருமுறை உப்புவெளியில் கட்டிய இரண்டு மாடிக்கு “மண்சரிவு அபாயம்: நடுத்தரம்” என்று போய்விட்டது. முந்திய வேலை மலையகத்தில் நடந்தது. உப்புவெளியில் எந்த மலை சரியும்? நாலு பேர் கையெழுத்து வைத்தார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

கேள்வி இதுதான். கோடி கோடியாகக் கொட்டும் இடத்திலும் இதே கதைதானா, அல்லது அங்கே இந்தக் கட்டங்கள் உண்மையிலேயே எதையாவது தடுக்கின்றனவா?

—

பனிநாட்டான் | ஞாயிறு இரவு 11.02

தங்கச்சி, நான் ஓர்ஸ் ஹில்லில் பிறந்து இப்போது கனடாவில் முறைமைப் பொறியியல் செய்கிறவன். கருவியைக் குறை சொல்ல முன்னர் ஒன்றைப் பாருங்கள். பெரிய தவறுகள் அநேகமாகப் பதிவேடு திறக்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் ஜெரால்ட் ஆர். ஃபோர்ட் விமானந்தாங்கிக் கப்பலை எடுங்கள். புதுத் தொழில்நுட்பங்களை மூன்று கப்பல்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் முதல் திட்டம். 2002இல் மேலிடம் அதை மாற்றி, எல்லாவற்றையும் முதல் கப்பலிலேயே போடச் சொன்னது. 23 புதுத் தொழில்நுட்பங்கள் ஒரே உடலில். விமானத்தை ஏவும் மின்காந்தப் பொறி, இறங்கும் விமானத்தைப் பிடிக்கும் பொறி, புது ராடார், குண்டுகளை மேலே கொண்டுவரும் 11 லிப்ட்டுகள். 2017 ஜூலையில் கடற்படையில் சேர்த்தார்கள். கடைசி லிப்ட் வேலை செய்யத் தொடங்கியது 2021 டிசம்பரில். 13 பில்லியன் டொலர் கப்பலுக்குக் கீழிருந்து குண்டை மேலே கொண்டுவர முழு வழி கிடைக்க நாலரை வருடம்.

லிப்ட்டுக்கான இடர் பதிவேட்டில் இருந்திருக்கும். ஆனால் 2002இல் எடுத்த முடிவே ஒரு இடர் என்று யார் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

—

பழைய_டொக்யாட் | திங்கள் காலை 5.48

பிள்ளை, டொக்யாட் மதிலுக்கு வெளியே நின்றது போதும், கொஞ்சம் உள்ளே வா. நான் அங்கே சிவில் ஊழியனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்துப் பெரியவர்கள் தேத்தண்ணி நேரத்தில் கதைத்த ஒரு கதை இருக்கிறது. பிறகு நானே தேடி வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தத் துறைமுகத்துக்கு ஒரு மிதக்கும் கப்பல்தளம் கொண்டுவந்தார்கள். ஏஎஃப்டி 23 என்று பெயர். பம்பாயில் பொருத்தி, 1944இல் இங்கே இழுத்து வந்தது. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, வேலியன்ட் என்ற போர்க்கப்பல் அதில் ஏறியது. அடிப்பக்கம் பார்க்க வேண்டிய வேலை. கப்பலிலோ வெடிமருந்து முழுவதும் அப்படியே இருந்தது.

மிதக்கும் தளம் எப்படி வேலை செய்யும் தெரியுமா? தொட்டிகளில் தண்ணீரை நிரப்பித் தளத்தைத் தாழ்த்துவது, கப்பலை உள்ளே எடுப்பது, அப்புறம் தண்ணீரை இறைத்துத் தளத்தைக் கப்பலோடு உயர்த்துவது. எந்தத் தொட்டியை எந்த ஒழுங்கில் எவ்வளவு இறைப்பது என்பதில்தான் உயிரே இருக்கிறது. அன்றைக்கு ஒழுங்கு பிழைத்தது. கப்பலின் பாரத்துக்குப் பொருந்தாதபடி தொட்டிகளை வெறுமையாக்கினார்கள். தளம் முதுகெலும்பு முறிந்தது போல மடிந்து தாழ்ந்தது. வேலியன்ட் தப்பியது, ஆனால் சுழலிகளும் சுக்கானும் அடிபட்டு, அதன் பிறகு அது சண்டைக்குப் போகவேயில்லை. தளம் இன்றைக்கும் தண்ணீருக்குள் கிடக்கிறது.

கப்பலின் பாரம் இரகசியமா? இல்லை. தளம் எவ்வளவு தாங்கும் என்பது? அதுவும் இல்லை. இரண்டு எண்ணும் தாளில் இருந்தன.

—

பனிநாட்டான் | திங்கள் காலை 7.30

ஐயா, அருமையான தகவல். ஆனால் அது இயக்கத்தில் நடந்த பிழை, கொள்வனவில் இல்லை. தங்கச்சியின் தலைப்புக்குள் அது வராது என்று நினைக்கிறேன்.

—

பழைய_டொக்யாட் | திங்கள் காலை 7.41

சரி தம்பி. தலைப்புக்குள் வராவிட்டால் தண்ணீருக்குள்ளேயே கிடக்கட்டும்.

—

படகுப்பட்டறை | திங்கள் மாலை 6.20

ஐயாவின் கதையைக் கழிக்க வேண்டாம். முதுகு முறிவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். திருக்கடலூரில் ஃபைபர் படகு செய்கிறேன், பழுதும் பார்க்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் படகைப் பின்பக்கம் மூன்றரை அடி நீட்டித் தரச் சொன்னார். ஐஸ் கூடுதலாக ஏற்ற வேண்டுமாம். புதுப் படகு வாங்கக் காசில்லை. பின்பலகையை வெட்டி எடுத்து, ஓரத்தை ஒரு சாண் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் மேட் மேல் மேட் வைத்து ரெசின் போட்டு இணைத்தேன். இணைப்பு இரும்பு மாதிரி நின்றது. ஒரு பருவம் ஓடியது. அடுத்த முறை படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் வெடிப்பு. இணைப்பில் இல்லை. நான் கைவைக்கவே இல்லாத நடுப்பகுதியில், தலைமயிர் தடிப்பில், குறுக்காக.

காரணம் பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. படகு நீண்டால் அலை அதைத் தாங்கும் இடமும் மாறும். முன்னும் பின்னும் அலையில் ஏறி நடு அந்தரத்தில் நிற்கும்போது, முழுப் பாரத்தையும் நடுதான் சுமக்கும். நான் நீட்டிய இடத்தை உறுதியாக்கினேன், நீட்டியதால் நோகப்போகும் இடத்தை மறந்துவிட்டேன். என் மச்சான் அப்போதே கேட்டான், “உள்ளே நீளவாட்டில் இரண்டு மரம் வைத்து மூடுவோமா?” என்று. கூலி கூடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்கக் கரையோரக் காவல்படையும் இதையேதான் செய்தது. 110 அடி ரோந்துப் படகுகளை 123 அடியாக நீட்டும் திட்டம். பதின்மூன்று அடி. 49 படகுகளுக்குச் செய்வதாக இருந்தது. முதலாவது படகு மட்டகோர்டா, 2004இல் புயலுக்கு விலகி ஓடும்போது மேற்தளம் நெளிந்து உடல் வெடித்தது. எட்டுப் படகோடு நிறுத்தி, 2006 நவம்பரில் எட்டையும் சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 100 மில்லியன் டொலர் போச்சு. கணக்குப் போட்ட கம்பனிகள் உலகத்திலேயே பெரியவை. திருக்கடலூர்ப் பட்டறைக்கும் அவர்களுக்கும் ஒரே வெடிப்பு என்று வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

—

கடலோரக்_கணக்கு | திங்கள் இரவு 8.55

அண்ணா, உங்கள் மச்சான் கேட்ட கேள்விதான் எனக்கு வேண்டியது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றார், சொல்லவும் செய்தார். பிறகும் நடக்கவில்லை. அங்கேயும் அப்படித்தானா?

—

மேசைக்கோப்பு | செவ்வாய் பகல் 12.40

அங்கேயும் அப்படித்தான். நான் அரச திணைக்களம் ஒன்றில் கணக்குப் பிரிவு. பெறுகைக் குழுக்களில் உட்கார்ந்து கதிரை தேய்ந்தவன். கெட்ட செய்தி ஏன் மேலே போவதில்லை என்பதற்கு என் மேசையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

ஒரு மின்பிறப்பாக்கி வாங்கும் கூட்டம். நவம்பர் மாதம். டிசம்பர் 31க்குள் காசைச் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். ஒரே ஒரு விலைமனுதான் விவரக்குறிப்புக்குக் கிட்டவாவது வந்தது. அதிலும் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்ற இடம் வெறுமை. இளம் பொறியியலாளர் ஒருவர் அதைக் காட்டினார். தலைவர் கேட்டார்: “அப்படியென்றால் வாங்க வேண்டாம் என்கிறீரா? எழுதித் தாரும்.” அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவர் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இடர்: குறைவு. மூன்றாவது வருடம் அந்த மெஷின் ஒரு சின்னப் பாகத்துக்காக ஆறு மாதம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது.

இப்போது பெரிய இடத்துக்குப் போவோம். ஏ-12 என்று அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு தாக்குதல் விமானம் வடிவமைத்தார்கள். செலவு எல்லை மீறும் என்று கடற்படைக்குள்ளேயே ஒரு செலவு ஆய்வாளர் கணக்குக் காட்டினார். அது மேலே போகவில்லை. 1990 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலாளர் டிக் செய்னி காங்கிரசில் போய்த் திட்டம் நன்றாக நடக்கிறது என்று சொன்னார். ஜூன் தொடக்கத்தில் கம்பனிகளே வந்து, காலமும் போதாது காசும் போதாது என்றன. 1991 ஜனவரியில் செய்னி அதை நிறுத்தினார். வழக்கு முடிந்தது 2014இல். ஒரு விமானமும் பறக்கவில்லை, வழக்கு மட்டும் இருபது வருடத்துக்கு மேல் பறந்தது.

அங்கே இடர் கண்டுபிடிக்கப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண்டுபிடித்தது மாடிப்படியில் நின்றுவிட்டது. சிவப்பு என்று எழுதுகிறவனிடம் “நீ ஏன் இதை முன்மொழிந்தாய்?” என்று கேட்கும் கந்தோரில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.

—

கிண்ணியா_வெல்டர் | செவ்வாய் இரவு 10.10

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் வளைகுடாவில் பதினொரு வருடம் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் இருந்தேன். மகள், பழைய கப்பல் வாங்குவது பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். நம்ம பகுதியில் புதுக் கப்பலைவிடப் பழையதுதானே அதிகம் வருகிறது.

பழைய கப்பலில் மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளே என்ன என்று தகட்டைத் திறந்தால்தான் தெரியும். வரைபடத்தில் தகட்டின் தடிப்பு 10 மில்லிமீட்டர் என்று இருக்கும். அழுக்கைச் சுரண்டி, பசை தடவி, மீட்டரை வைத்தால் 6 காட்டும். பக்கத்தில் ஒரு சாண் தள்ளி வைத்தால் 9. இன்னும் தள்ளினால் சுத்தியல் பட்டதும் சத்தம் மாறும், சிலவேளை சுத்தியலே உள்ளே போகும். ஒப்பந்தத்தில் 40 சதுர மீட்டர் தகடு மாற்றுவது என்று எழுதியிருப்பார்கள். திறந்த பிறகு அது 200 ஆகும். அதற்குள் கப்பல் தளத்தில் ஏறிவிட்டது, ஓடவும் முடியாது. கம்பனி சொல்வதுதான் விலை.

இந்தியா ரஷ்யாவிடம் வாங்கிய பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யா இந்தக் கதைதான். 2004இல் 974 மில்லியன் டொலர் என்று பேசி, 2008இல் தருவதாக ஒப்பந்தம். திறந்து பார்க்கப் பார்க்க வேலை கூடியது, கேபிளே கிலோமீட்டர் கணக்கில் மாற்ற வேண்டிவந்தது. கடைசியில் 2.35 பில்லியன், 2013 நவம்பர். அதுவும் 2012இல் கடல் ஓட்டப் பரீட்சையில் முழு வேகம் கொடுத்தபோது எட்டுக் கொதிகலனில் ஏழு பழுதாகின. அஸ்பெஸ்டஸ் கூடாது என்று வாங்கியவர்கள் சொன்னதால் வெப்பக் காப்புக்குத் தீச்செங்கல் வைத்திருக்கிறார்கள், அது சூடு தாங்கவில்லை. ஒரு இடரை அகற்றப் போய் இன்னொன்றை உள்ளே வைத்துக் கட்டியாயிற்று. அந்த மாற்றத்தால் என்ன வரும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று. தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கப்பலில் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம்ம கடற்படையின் கஜபாகு, அமெரிக்கர்களிடம் ஷேர்மன் என்ற பெயரில் 1960களின் கடைசியிலிருந்து ஓடியது. இனாமாகக் கிடைத்தது, நல்ல பெரிய கப்பல், ஆழ்கடலுக்கு ஏற்றது, மறுக்கவில்லை. ஆனால் அதில் டீசலும் காஸ் டர்பைனும் இரண்டும் இருக்கின்றன. அந்த வகைக் கப்பல் எல்லாவற்றையும் அமெரிக்கா 2021ஓடு ஓய்வுக்கு விட்டுவிட்டது. இனிப் பாகத்துக்குப் பிலிப்பைன்ஸ், வியட்நாம், பங்களாதேஷ் என்று அதே கப்பல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கடைக்குத்தான் போக வேண்டும். வாங்கும்போது விலை பூச்சியம், அதற்காக இடரும் பூச்சியம் என்று ஆகாது.

—

மட்டுறுத்துநர் | புதன் காலை 8.05

மிக்-27 போர் விமானக் கொள்வனவு பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தக் கொள்வனவைப் பற்றிக் கதைப்பது தடை இல்லை. ஆட்களின் பெயரைப் போட்டு இங்கேயே தீர்ப்பு எழுதுவதுதான் தடை. கடற்படை என்றதும் இந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைவு வரும், அது எனக்கும் உண்டு. அதற்கு வேறு இழை இருக்கிறது.

—

கடலோரக்_கணக்கு | புதன் இரவு 9.30

நன்றி நானா, அந்தத் தகட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் தோல்விக் கதையாகவே வருகிறதே. ஒன்றாவது சரியாக நடந்ததா?

—

பனிநாட்டான் | வியாழன் அதிகாலை 1.15

நடந்தது. பொலாரிஸ். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக்குள்ளிருந்து ஏவும் ஏவுகணை. அதற்கென்று தனி அலுவலகம் தொடங்கியது 1955இன் கடைசியில். 1960 ஜூலை 20ஆம் திகதி கடலுக்கடியிலிருந்து ஏவிக் காட்டினார்கள். ஐந்து வருடம் கூட இல்லை. எப்படி? சந்தேகமான பாகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழிகளில் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒன்று பிழைத்தால் மற்றது கையில். முதல் ஏவுகணையின் தூரத்தையும் குறைத்துக்கொண்டார்கள், மீதியை அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்று.

இதில் ஒரு வேடிக்கை. பேர்ட் என்ற வலைப்படத் திட்டமிடல் முறை அங்கேதான் பிறந்தது. உலகமே அதைப் பாராட்டியது. பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னது, அந்த அழகான வரைபடங்கள் வேலையை நடத்தியதைவிட வெளியாட்களைத் தள்ளி நிற்க வைக்கத்தான் அதிகம் உதவின என்று. கட்டுகிற வீட்டுக்கு முன்னால் கண்ணூறு படாமல் வெருளி கட்டித் தொங்கவிடுவோமே, அதே வேலை.

மேசைக்கோப்பு அண்ணைக்கு ஒரு பதிலும் இருக்கிறது. செய்தி மேலே போகாது என்பதால்தான் அமெரிக்காவில் நன்-மெக்கர்டி சட்டம் இருக்கிறது. ஒரு அலகின் செலவு நடப்பு மதிப்பீட்டைவிட 25 சதவீதம் கூடினால் காங்கிரசுக்கு அறிவிக்க வேண்டும், தொடர வேண்டிய காரணத்தை உறுதிப்படுத்தாவிட்டால் திட்டம் நிற்கும். மறைக்க முடியாது.

—

மேசைக்கோப்பு | வியாழன் பகல் 12.35

தம்பி, அதே சட்டத்தின் கீழ் சென்டினல் ஏவுகணைத் திட்டம் 2024 ஜனவரியில் பிடிபட்டது. ஜூலையில் கணக்குப் பார்த்தால் 81 சதவீதம் கூடி, கிட்டத்தட்ட 141 பில்லியன் டொலர். முடிவு? நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம், தொடரலாம் என்று சான்றிதழ். மணி அடிக்கிறது, எல்லோரும் எழும்பிப் பார்க்கிறார்கள், திரும்பிப் படுக்கிறார்கள்.

பொலாரிஸ் பற்றி நீங்கள் சொன்னதில் முக்கியமானதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஒரு பாகத்துக்கு மூன்று வழி என்றால் மூன்று செலவு. அவர்களிடம் காசு இருந்தது. எங்கள் மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் போட்டால், மேலே போகும் முதல் மேசையிலேயே அது வெட்டுப்படும். “எதிர்பாராததை எப்படி முன்பே எதிர்பார்த்தீர்?” என்று என்னிடம் உண்மையாகவே ஒருவர் கேட்டிருக்கிறார்.

—

படகுப்பட்டறை | வியாழன் மாலை 6.48

அந்த ஆளை என் பட்டறைக்கு அனுப்பி வையுங்கள். ரெசின் கலக்கக் கொடுப்போம்.

—

கடலோரக்_கணக்கு | வெள்ளி இரவு 10.20

நேற்று இரவு வாசித்ததில் தூக்கம் போய்விட்டது. சுவீடனின் வாசா கப்பல். 1628இல் துறையில் கட்டியபடி நிற்கும்போதே, முப்பது பேரை மேற்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சாய்வைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று ஓட்டத்திலேயே அங்கேயே கவிழ்ந்துவிடும் போல் ஆடியதும், பார்த்துக்கொண்டு நின்ற துணைத் தளபதி பரிசோதனையை நிறுத்தச் சொன்னார். கப்பலை நிறுத்தவில்லை, பரிசோதனையைத்தான் நிறுத்தினார். அரசர் போரில், கப்பல் எப்போது வரும் என்று அவசரம். ஆகஸ்ட் 10ஆம் திகதி புறப்பட்டு ஒன்றேகால் கிலோமீட்டர் அளவில் ஒரு காற்றில் சாய்ந்து மூழ்கியது. விசாரணையில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

அந்த முப்பது பேரும் கால் ஓய்ந்து நின்றபோது என்ன கதைத்திருப்பார்கள்?

என் கட்டுரையின் கேள்வியை மாற்றிவிட்டேன். இடர் பதிவேடு இருந்ததா இல்லையா என்று பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு திட்டத்திலும் மூன்றை மட்டும் தேடப்போகிறேன். தெரிந்தவர் யார், வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது, இந்த இருவருக்கும் இடையில் எத்தனை மேசை. ஏ-12, ஃபோர்ட், 123 அடிப் படகு, விக்ரமாதித்யா நாலுக்கும் போடலாம்.

—

பனிநாட்டான் | சனி அதிகாலை 12.40

நல்ல கேள்விதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. தெரிந்தவர் ஒவ்வொருவரும் நிறுத்தலாம் என்றால் ஒரு கப்பலும் தண்ணீரில் இறங்காது. எந்தத் திட்டத்திலும் பத்துப் பேர் “இது சரிவராது” என்பார்கள், அதில் எட்டுப் பேர் பிழை. மூழ்கிய கப்பல்களில் மட்டும் தேடினால், எச்சரித்தவர் எல்லோரும் தீர்க்கதரிசியாகத்தான் தெரிவார்கள். சரியாக முடிந்தவற்றிலும் தேடுங்கள். வேர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளைப் பாருங்கள், அவற்றில் சில நேரத்துக்கு முன்பே கையளிக்கப்பட்டன. அங்கேயும் யாராவது பயமுறுத்தியிருப்பார்கள்.

—

கிண்ணியா_வெல்டர் | சனி காலை 9.05

தளத்தில் இதற்கு வழி இருந்தது தம்பி. எல்லோரும் எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. ஆனால் சில இடங்களில், உதாரணமாகத் தொட்டியை மூடும் கடைசித் தகட்டை ஒட்டுவதற்கு முன்னர், பரிசோதகர் உள்ளே ஊர்ந்து போய்ப் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் யாரும் வெல்டிங் டோர்ச்சைப் பற்றவைக்கக் கூடாது. கப்பல் முதலாளியே வந்து நின்றாலும் சரி. அந்த மனிசர் கம்பனியின் சம்பளத்தில் இல்லை. ஒரு நோன்பு காலத்தில் எங்களை இரண்டு நாள் சும்மா உட்கார வைத்தார், எல்லோரும் திட்டினோம். மூன்றாம் நாள் அவர் காட்டிய ஒட்டைத் தோண்டினேன். என்னுடைய ஒட்டுத்தான். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை.

—

கடலோரக்_கணக்கு | சனி இரவு 8.12

நானா, இதை அடிக்குறிப்பில் போட முடியாது, முதல் பந்தியிலேயே போடுகிறேன். பனிநாட்டான் அண்ணா, வேர்ஜீனியாவையும் சேர்க்கிறேன். உங்கள் எட்டுப் பேரைப் பற்றி ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பழைய டொக்யாட் ஐயா, கோபமில்லையே? அந்த மிதக்கும் தளம் கிடக்கும் இடத்தைப் பார்க்க முடியுமா? கட்டுரைக்குள் வராவிட்டாலும் பரவாயில்லை.

—

பழைய_டொக்யாட் | ஞாயிறு காலை 5.52

கோபம் என்ன பிள்ளை. மேலேயிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான். சுழியோடிகள் போகிறார்கள், கேட்டால் கூட்டிப் போவார்கள். போவதென்றால் ஆவணி முடிய முன்னர் போ. வாடை தொடங்கினால் கடல் கலங்கிவிடும், கையை நீட்டினால் கையே தெரியாது.